ஆடியில் அப்பாவுக்கு எதுக்களிப்பு அறுவை சிகிச்சை: தேதி குறிக்கலாமா, பொறுக்கலாமா?

குடந்தை மகள் எழுதியது:

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். வயது 56. கும்பகோணம், மாயவரம், திருவாரூர் என்று எங்கே மண்டபம் அமைந்தாலும் ஆட்களோடு போய் இறங்கிவிடுவார். பல வருடங்களாக நெஞ்செரிச்சல். தெருமுனை மருந்துக்கடையில் பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரையை அட்டை அட்டையாக வாங்கி வைத்திருப்பார். எரியும்போது ஒன்று போடுவார். அடங்காவிட்டால் இன்னொன்று. அதற்கு மேல் ஒரு மூடி ஜெல்.

அவர் வேலையின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்" என்று பத்துப் பேர் எழுதுவீர்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு கடைசிப் பந்தி எடுத்து, பாத்திரம் கழுவப் போட்டு, இவர் இலை முன் உட்காரும்போது 11 மணி ஆகிவிடும். அதுவரை அடக்கிய பசிக்கு வத்தக்குழம்பும் அப்பளமும் சாதமுமாக ஒரு பிடி பிடிப்பார். கை கழுவியதும் சமையற்கட்டு ஓரத்திலேயே ஜமக்காளத்தை விரித்துப் படுத்துவிடுவார். 2 மணிக்கு எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். அதன்பின் முகூர்த்தம் முடியும்வரை காபி மட்டும்தான். ருசி பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. வயிறு காலியாக இருந்தால்தான் ஆவி வாசனையிலேயே உப்பு தெரியும் என்பது அவர் கட்சி. வேட்டிக்கு மேல் அகலமான பெல்ட் ஒன்றை இறுக்கிக்கொள்வார், அண்டா தூக்கும்போது முதுகுக்குத் தெம்பாம்.

கொஞ்ச காலமாக நிலைமை மாறியிருக்கிறது. குனிந்தால் சாப்பிட்டது தொண்டைவரை எதுக்களித்து வருகிறது. இரவில் புரையேறி இருமிக்கொண்டு எழுந்து உட்கார்கிறார். ஒருவழியாக எண்டோஸ்கோபி செய்தோம். சிறிய ஹயாட்டஸ் ஹெர்னியா (வயிற்றின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறி நிற்பது), உணவுக்குழாயின் அடியில் எல்.ஏ. கிரேடு ஏ அழற்சி, வயிற்றுப்புண் உண்டாக்கும் எச்.பைலோரி கிருமி இல்லை என்று அறிக்கை சொல்கிறது. நாங்கள் பார்த்த அறுவை நிபுணர், லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, ஃபண்டோப்ளிகேஷன் (வயிற்றின் மேல்முனையை உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டித் தைப்பது) செய்துவிடலாம், பிறகு மாத்திரையே வேண்டாம் என்கிறார். ஆடியில் முகூர்த்தம் இல்லை. அப்போது முடித்தால் ஆவணியில் அடுப்புக்குத் திரும்பிவிடலாம் என்று அம்மா நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கிவிட்டார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மாத்திரைக்கு அடங்காத நோய்தானா இது? அறுவைக்குப் பிறகு அவரால் முன்போல் சாப்பிட முடியுமா? செய்துகொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

வேர்கள் எழுதியது:

கத்தி எதற்கு? காலையில் வெறும் வயிற்றில் ஆப்பிள் சிடர் வினிகர் ஒரு கரண்டி, இரவில் குளிர்ந்த பால் ஒரு டம்ளர். சீரகத் தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். என் மாமனார் இதிலேயே குணமானார். 

---

மாத்திரை அளப்பவன் எழுதியது:

வேலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வேர்கள் ஐயா, வினிகரும் அமிலம்தானே! ஏற்கெனவே வெந்திருக்கிற குழாயில் அதை ஊற்றச் சொல்ல எனக்குத் துணிவில்லை. பால் இறங்கும்போது இதமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் புரதமும் கால்சியமும் சற்று நேரத்தில் வயிற்றை மறுபடி அமிலம் சுரக்க வைக்கும். சீரகத் தண்ணீரோடு எனக்குச் சண்டை இல்லை.

குடந்தை மகளுக்கு: உங்கள் அப்பா இத்தனை வருடமாக மாத்திரை வாங்கியிருக்கிறார். முறையாகச் சாப்பிட்டாரா என்றால், நீங்கள் எழுதியதை வைத்து, இல்லை என்றுதான் சொல்வேன். பான்டோபிரசோல் எரிச்சலை அணைக்கிற மருந்து கிடையாது. வயிற்றுச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. அவற்றில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றை மட்டுமே இந்த மருந்தால் பூட்ட முடியும். பம்புகளை ஓட வைப்பது சாப்பாடு. மருந்தோ ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்கும். அதனால்தான் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பாக என்று எழுதித் தருகிறார்கள். எரிய ஆரம்பித்த பிறகு போட்டால் சாப்பாடும் போயிற்று, சமயமும் போயிற்று. காலையில் போட்டுவிட்டுக் காபியோடு நிறுத்திக்கொண்டாலும் பெரிய பலன் இருக்காது. உங்கள் அப்பாவுக்கு நாளின் பெரிய சாப்பாடு இரவில்தான். அதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லுங்கள். வேளையை மாற்றித் தருவதா, சில வாரங்களுக்கு இரண்டு வேளையாக்குவதா என்று அவர் முடிவு செய்யட்டும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, மேல்பூச்சு போனால் வயிற்று அமிலமே மருந்தைத் தின்றுவிடும்.

அந்த அட்டையில் இருக்கும் இன்னொரு சரக்கு டோம்பெரிடோன். இதுதான் எனக்குக் கவலை. சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கக்கூடிய மருந்து இது. 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை, குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மி.கி., நாளுக்கு அதிகபட்சம் மூன்று வேளை, சாதாரணமாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. நம் ஊரில் ஒரே மாத்திரைக்குள் 30 மி.கி. வைத்து விற்கிறார்கள், ஜனங்களும் வருடக்கணக்கில் மிட்டாய் மாதிரி வாங்குகிறார்கள். சீட்டு இல்லாமல் நீட்டுகிற என் தொழில்காரர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். தனிப் பான்டோபிரசோல் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

நெஞ்சில் எரிச்சல் என்கிறீர்கள், வயது 56, அடுப்படி வேலை, பாரம் தூக்குகிறார். இ.சி.ஜி. எடுத்தீர்களா? வாயுப் பிடிப்பு என்று ஜெல் கேட்டு என் கடைக்கு வந்தவர்களில் மாரடைப்போடு வந்தவர்களும் உண்டு. முதலில் இதயம் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லட்டும்.

ஒன்று மட்டும், பழைய மாத்திரையை நீங்களாகவே ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். நெஞ்செரிச்சலே இல்லாத 120 பேரை வைத்து டென்மார்க்கில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2009இல் வெளியானது. எட்டு வாரம் எசோமெப்ரசோல் (பான்டோபிரசோலின் இனத்து மருந்து) கொடுத்து நிறுத்தியதும், அதைச் சாப்பிட்டவர்களில் 44 சதவீதத்தினருக்கு எரிச்சல் முதலிய அமிலத் தொல்லை தலைகாட்டியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 15 சதவீதம். அடக்கி வைத்த சுரப்பு, விட்டதும் துள்ளுகிறது. அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டதென்று நினைப்பவர்கள் அதிகம்.

---

எண்டோஸ்கோபி அறைச் செவிலி எழுதியது:

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபிப் பிரிவில் வேலை. அறிக்கையில் "கிரேடு ஏ" என்பதைக் கவனித்தீர்களா? அது லேசான சிராய்ப்பு. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் அது தென்படுவதுண்டு. அதை மட்டும் வைத்து அமில எதுக்களிப்பு நோய் என்று முத்திரை குத்துவதில்லை. அறுவைக்கு முன் இரண்டு பரிசோதனைகள் நடக்க வேண்டும். உங்கள் பதிவில் இரண்டையும் காணோம்.

முதலாவது 24 மணி நேர பி.எச். பரிசோதனை, அதாவது உணவுக்குழாய்க்குள் அமிலம் எவ்வளவு நேரம் ஏறி நிற்கிறது என்று அளப்பது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இறக்கி, அதன் உணரி உணவுக்குழாயின் கீழ் வால்வுக்கு 5 செ.மீ. மேலே நிற்கும்படி ஒட்டிவிடுவோம். இடுப்பில் ஒரு சிறு பெட்டி. அதோடு வீட்டுக்குப் போய் வழக்கமான சாப்பாட்டையே சாப்பிட வேண்டும். இங்கேதான் எங்கள் நோயாளிகள் ஏமாற்றுவார்கள், பயந்துபோய் இட்லியும் மோருமாகவே நாளைக் கழித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று முடிவு வாங்கிப் போவார்கள். உங்கள் அப்பா வத்தக்குழம்பே சாப்பிடட்டும். நோய் இன்னும் உறுதியாகாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையை மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டுச் செய்வோம், எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்வார். மொத்த நேரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் குழாய் அமிலத்தில் நனைந்திருந்தால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குக் கீழே என்றால் அமிலம் குற்றவாளி இல்லை, வேறு காரணம் தேட வேண்டும்.

இரண்டாவது மேனோமெட்ரி. விழுங்கும்போது குழாய் எவ்வளவு வலுவாகப் பிழிந்து தள்ளுகிறது, வால்வு சரியாகத் திறக்கிறதா என்று அழுத்தத்தை அளப்பது. அக்கலேசியா என்று ஒரு நோய் இருக்கிறது. அதில் வால்வு திறக்காமல் சாப்பாடு குழாயிலேயே தேங்கி வாய்க்குத் திரும்பும், பார்ப்பதற்கு எதுக்களிப்பு போலவே இருக்கும். தெரியாமல் அந்த வால்வைப் போய் இறுக்கினால் தண்ணீரும் இறங்காது.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்றால், 2019இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. மாத்திரைக்கு நெஞ்செரிச்சல் அடங்கவில்லை என்று அனுப்பப்பட்ட 366 பேர். முதலில் இரண்டு வாரம் அதே இனத்து மருந்தான ஒமெப்ரசோலை இரண்டு வேளை, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதிலேயே 42 பேருக்குச் சரியாகிவிட்டது! பரிசோதித்துப் பார்த்ததில் 99 பேருக்கு அமில நோயே இல்லை. பலவாறாகக் கழிந்து, மாத்திரைக்கு மெய்யாகவே அடங்காத எதுக்களிப்பு நோயாளிகள் என்று கடைசியில் தேறியவர்கள் 78 பேர். அந்த 78 பேரில் அறுவை செய்துகொண்டவர்களில் 67 சதவீதத்தினருக்கு நல்ல பலன், கூடுதல் மருந்து பெற்றவர்களில் 28 சதவீதம்தான். ஆளைச் சரியாகப் பொறுக்கினால் அறுவைக்கு இணை இல்லை. பொறுக்குவதில்தான் அவசரப்படுகிறார்கள்.

விழுங்கும்போது அடைப்பது, காரணமின்றி எடை குறைவது, கறுப்பு மலம், ரத்த வாந்தி, ரத்தசோகை இவற்றில் ஏதாவது தலைகாட்டினால் ஆடிவரை காத்திருக்காதீர்கள்.

---

பஞ்சாலை ஓய்வு எழுதியது:

அம்மா, நான் செய்துகொண்டவன். கோவையில் நூற்பாலை மேற்பார்வையாளராக இருந்தேன். இரவு ஷிஃப்ட், கேன்டீன் பரோட்டா, விடியற்காலை தேநீர். எனக்கு எரிச்சல் மாத்திரையில் நின்றுவிட்டது. நிற்காதது எதுக்களிப்புதான். குனிந்து செருப்பு மாட்டினால் வாய்க்குள் சாம்பார் வரும். இதற்குக் காரணத்தை என் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், கதவை மூடாது. உதரவிதானம் என்ற தசைத் திரையில் உணவுக்குழாய் இறங்கும் ஓட்டை பெரிதாகி, வயிற்றின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறி நிற்பதுதான் ஹயாட்டஸ் ஹெர்னியா. அந்த ஓட்டையைத் தைத்துச் சின்னதாக்கி, வயிற்றின் மேல்முனையை இழுத்து உணவுக்குழாயின் அடியைச் சுற்றிக் கழுத்துக்குட்டை கட்டுவதுபோல் கட்டித் தைத்துவிடுகிறார்கள். ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற மருத்துவர் 1955இல் முதலில் வயிற்றைத் திறந்து செய்தது. 1991இலிருந்து துளை வழியாகச் செய்கிறார்கள். எனக்கு ஐந்து துளைகள், பெரியதே சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும்.

விழித்ததும் வயிறு வலிக்கும் என்று எதிர்பார்த்தேன். வலித்தது தோள்பட்டை. வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய கரியமில வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் அந்த வலி தோளில் தெரியுமாம். நடக்க நடக்கக் குறைந்துவிட்டது.

இனி சாப்பாடு. இதைத்தான் யாரும் முன்கூட்டி முழுதாகச் சொல்வதில்லை. தைத்த இடம் வீங்கியிருக்கும், ஆகவே ஆரம்பத்தில் எதுவும் சுலபமாக இறங்காது. முதலில் வெறும் திரவம்: வடிகஞ்சி, நீர்மோர், மிளகாய் இல்லாத தெளிந்த ரசம், வடிகட்டிய ராகிக்கூழ். அதன்பின் குழையக் குழையப் பிசைந்த பருப்பு சாதம், சாம்பாரில் ஊறி உடைந்துபோன இட்லி. சப்பாத்தி, பன், பரோட்டா, இறைச்சித் துண்டு எல்லாம் வாரக்கணக்கில் தள்ளி நிற்க வேண்டும். ரொட்டி வகை நனைந்ததும் பந்தாகி அங்கேயே உட்கார்ந்துவிடும். நான் ஒரு கல்யாண வீட்டில் ஆசைப்பட்டுப் பன் அல்வாவில் கை வைத்துவிட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோடா, கலர் கூடவே கூடாது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் காற்று உள்ளே போகும், போன காற்று மேல்வழியாகத் திரும்பாது. முழுச் சுற்றுக் கட்டு போட்டவர்களில் பலருக்கு ஏப்பம் வராது, வாந்தியும் சரியாக வராது. வயிறு உப்பும், கீழ்வழியாக வெளியேறும். என் மனைவி இதைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது. முக்கால் சுற்று மட்டும் கட்டுகிற டூபே என்ற முறையில் இந்தத் தொல்லையும் விழுங்கும் சிரமமும் குறைவு. எந்தக் கட்டு, ஏன் என்று உங்கள் நிபுணரிடம் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார் என்றும் கேளுங்கள், கோபித்துக்கொண்டால் வேறு நிபுணரைப் பாருங்கள்.

"மாத்திரையே வேண்டாம்" என்று அவர் அடித்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இப்போது எப்போதாவது ஒரு மாத்திரை தேவைப்படுகிறது. ஆனால் தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தே தூங்கிய காலம் போய்விட்டது, எனக்கு அது போதும்.

உங்கள் அம்மா போட்ட நாட்காட்டிக் கணக்கு தவறு. ஆடி முதல் வாரத்தில் செய்துகொண்டாலும் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மேற்பார்வை பார்க்கலாம், அண்டா தூக்க முடியாது. அதிகப் பாரம் தூக்கினால் உதரவிதானத் தையல் பிரிந்து ஹெர்னியா திரும்பிவிடலாம்.

---

எண்டோஸ்கோபி அறைச் செவிலி எழுதியது:

பஞ்சாலை ஐயா சொன்னது ஆய்வுகளோடும் பொருந்துகிறது. ஐரோப்பாவில் எசோமெப்ரசோலையும் லேப்ராஸ்கோப்பி அறுவையையும் ஐந்து வருடம் ஒப்பிட்டார்கள், 2011இல் வெளியானது. மருந்தில் 92 சதவீதம் பேரும் அறுவையில் 85 சதவீதம் பேரும் நோய் அடங்கியே இருந்தார்கள். ஆக, மருந்து சளைத்ததில்லை. ஆனால் எதுக்களிப்பை மட்டும் பார்த்தால் மருந்துப் பிரிவில் 13 சதவீதத்தினருக்கு இருந்தது, அறுவைப் பிரிவில் 2 சதவீதம்தான். வயிறு உப்புதல் தலைகீழ்: மருந்தில் 28, அறுவையில் 40. ஸ்வீடனில் அறுவை செய்துகொண்ட 2,655 பேரைத் தொடர்ந்து பார்த்ததில் 17.7 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, அவர்களில் பெரும்பாலோர் நீண்டகால மருந்துக்குத் திரும்பினார்கள். எரிச்சல்தான் தொல்லையென்றால் மாத்திரையை ஒழுங்காகப் பாருங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் சாப்பாடு மேலே வருகிறது, பரிசோதனையும் அதையே சொல்கிறது என்றால் அறுவைக்கு நியாயம் இருக்கிறது.

---

குடந்தை மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வைகாசி முகூர்த்தங்கள் முடியட்டும் என்று காத்திருந்ததால் தாமதம்.

இதய மருத்துவரிடம் காட்டினோம், கோளாறு இல்லை. இரைப்பை மருத்துவர் ஒருவர் டோம்பெரிடோனை நிறுத்தி, தனிப் பான்டோபிரசோல் 40 மி.கி.யை இரண்டு வேளையாக மாற்றிக் கொடுத்தார். இரவு மாத்திரை மாலை டிபன் பந்தி உட்காரும்போது. அப்பாவுக்குக் கடிகாரத்தைவிடப் பந்திக் கணக்கு நன்றாகப் புரியும். காலை மாத்திரைக்காக மட்டும் 7 மணிக்கு நான்கு இட்லி சாப்பிட ஒத்துக்கொண்டார். உப்பு தெரியாமல் போய்விடுமே என்று முதல் கல்யாணத்தில் முறைத்துக்கொண்டே இருந்தார். சாம்பார் வழக்கம்போலவே இருந்ததாகத் தம்பி சொன்னான்.

இரவுச் சாப்பாட்டில் பெரும் பகுதியை மாலை டிபன் வேலை முடிந்ததும் சாப்பிட்டுவிடுகிறார். 11 மணிக்கு மோர் சாதம் கொஞ்சம். பெல்ட்டைக் கழற்றிவிட்டார். தலையணையை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு இன்னும் அழுந்தும் என்று மருத்துவர் சொன்னதால், மண்டபத்தில் ஒரு பந்திப் பலகையின் தலைப்பக்கத்தைச் செங்கல் வைத்து முக்கால் அடி உயர்த்தி, அதன்மேல் இடப்பக்கமாகப் படுக்கிறார். காபியைப் பற்றிப் பேச்செடுத்தேன். பதில் வரவில்லை. மருத்துவரும் அவரவருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை விட்டால் போதும், ஊரிலுள்ள எல்லாவற்றையும் விட வேண்டாம் என்றுவிட்டார். அப்பாவுக்கு வினை செய்வது பஜ்ஜியும் வறுத்த அப்பளமும் என்று தெரிந்தது.

எரிச்சல் ஏறக்குறைய நின்றுவிட்டது. இரவு இருமலும் குறைந்திருக்கிறது. குனிந்தால் எதுக்களிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. மாத்திரையை நிறுத்திச் செய்த பி.எச். பரிசோதனையில் 11 சதவீதம். மேனோமெட்ரியில் குழாயின் பிழிசக்தி நன்றாக இருக்கிறது, அக்கலேசியா இல்லை. இந்தத் தாள்களோடு வேறொரு நிபுணரைப் பார்த்தோம். ஹெர்னியாவைத் தைத்து டூபே முறையில் முக்கால் சுற்றுக் கட்டு என்கிறார். மாத்திரை பிறகும் கொஞ்சம் தேவைப்படலாம் என்று அவராகவே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அப்பா கேட்ட கேள்வி ஒன்றுதான், ஏப்பம் வருமா என்று. முழுக் கட்டைவிட இதில் வாய்ப்பு அதிகம் என்றதும் சம்மதித்துவிட்டார்.

ஆடி முதல் வாரம். ஆவணியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்குவார், அண்டாவைத் தம்பியும் இன்னொரு பையனும் பார்த்துக்கொள்வார்கள். பஞ்சாலை ஐயா, திரவ உணவுக் காலத்தில் மாத்திரைகளை எப்படி விழுங்கினீர்கள்? நீரிழிவு மாத்திரை ஒன்றும் அவருக்கு இருக்கிறது.

---

பஞ்சாலை ஓய்வு எழுதியது:

நல்லபடியாக நடக்கட்டும். எனக்குச் சிலவற்றைச் சிரப்பாக மாற்றிக் கொடுத்தார்கள், சிறிய மாத்திரைகளை மட்டும் ஒவ்வொன்றாக விழுங்கினேன். நீரிழிவு மாத்திரை விஷயத்தில் மயக்க மருந்து மருத்துவரை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளுங்கள். கஞ்சி மட்டும் குடிக்கும் நாட்களில் வழக்கமான அளவைப் போட்டால், சில வகை மாத்திரைகளில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

---

மாத்திரை அளப்பவன் எழுதியது:

அந்த நீரிழிவு மாத்திரையின் பெயரை இங்கே போடுங்கள். மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் பொடித்துக் கொடுக்கக் கூடாது, சாதாரண வகைக்கு மாற்றும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டியிருக்கும்.